பாபாசாகேப் அம்பேத்கரும் வேலைநிறுத்த உரிமையும்

அண்ணல் அம்பேத்கர் என்றவுடன் நம் இளைஞர்களின் மனக்கண்முன் தோன்றுவது, அரசியலமைப்புச் சட்டநூலைக் கையிலேந்தி நிற்கும் சிலையே ஆகும். மகத் குளத்தில் நீரள்ளிப் பருகிய நிகழ்ச்சியும், பூனா உடன்படிக்கையும், நாகபுரியில் பௌத்தம் தழுவிய பெருநாளும் நம் விழா மேடைகளில் ஆண்டுதோறும் எடுத்துரைக்கப்படுகின்றன. ஆனால் அப்பெருமகனார் தொழிலாளர் சட்டத்தில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்தார் என்பதும், வேலையை நிறுத்தும் உரிமைக்காகச் சட்டமன்றத்திலும் தெருவிலும் வாதாடினார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. நம் சமுதாயத்தினருள் மிகப் பெரும்பாலோர் உழைத்துப் பிழைப்பவர்கள். ஆதலின் அவருடைய வாழ்வின் இப்பகுதியை நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் எழுதுவது பொருத்தமாகும் எனக் கருதினேன்.

ஆலைப் பகுதியில் வளர்ந்தவர்

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். தாயார் பீமாபாய். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணப் பகுதியின் இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த அம்பவடே என்னும் சிற்றூர். தந்தை ஓய்வுபெற்ற பின்னர்க் குடும்பம் சதாராவில் சில காலமும், பிறகு பம்பாயிலும் வாழ்ந்தது.

பம்பாயில் அவர்கள் குடியிருந்த பரேல் பகுதி ஆலைத் தொழிலாளர் நிறைந்த பகுதியாகும். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் அடைந்து வாழும் சால் என்னும் வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இளைஞர் பீமராவ் விளக்கொளியில் படித்தார். விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதுவதும், ஆடவரும் பெண்டிரும் அரைத் தூக்கத்தில் எழுந்து ஓடுவதும் அவர் நாள்தோறும் கண்ட காட்சிகள். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேர்விலும், 1912-இல் எல்பின்ஸ்டன் கல்லூரியிலிருந்து பி.ஏ. தேர்விலும் வெற்றி பெற்றார். பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். பின்னர் இலண்டனில் பொருளாதாரத்தில் உயர் பட்டமும், கிரேஸ் இன் சட்டப் பயிலகத்தில் பாரிஸ்டர் தகுதியும் பெற்று 1923-இல் தாயகம் திரும்பினார்.

இவ்வளவு பெரிய பட்டங்கள் பெற்ற பிறகும் அவர் பரேல் பகுதியை விட்டு உடனே அகலவில்லை. பம்பாய் நகர் மேம்பாட்டு அமைப்பு தொழிலாளருக்கெனக் கட்டிய குடியிருப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பொருளாதாரமும் சட்டமும் கற்ற ஒருவர், கூலித் தொழிலாளரின் அண்டை வீட்டுக்காரராகவும் இருந்தார். தொழிலாளர் சட்டத்தை அவர் நோக்கிய முறையை அறிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

வேலையை விட்டால் சிறை

அண்ணல் நடத்திய வாதத்தைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்திய சட்ட வரலாற்றைச் சற்றே அறிதல் வேண்டும்.

ஒருவர் மற்றொருவரிடம் வேலை செய்வதாக ஒப்புக்கொள்கிறார். பிறகு வேலைக்கு வரவில்லை. இது ஒப்பந்த மீறல். வீட்டை விற்பதாகக் கூறிப் பின்வாங்கியவர்மீது எவ்வாறு உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈடு கோரி வழக்குத் தொடுக்கலாமோ, அவ்வாறே இவர்மீதும் தொடுக்கலாம். காவலர் வந்து கைது செய்ய இதில் ஒன்றுமில்லை. வணிகர்க்கும் நிலவுடைமையாளர்க்கும் பொருந்திய இந்த எளிய நியதி, ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் பொருந்தாமல் இருந்தது.

1859-ஆம் ஆண்டு ஆங்கில அரசு, தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என ஒன்றை இயற்றிற்று. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று தலைநகரங்களில் முதலில் நடைமுறைக்கு வந்து, பின்னர்ப் பிற இடங்களுக்கும் விரிவாக்கப்பட்ட சட்டம் இது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிடில், முதலாளி குற்றவியல் நடுவரிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடித்துக் கொடு என்று நடுவர் ஆணையிடுவார். அதற்குப் பணியாத தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் தண்டனை விதிக்கலாம். முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிப்பதும், பிடித்த ஆளைச் சிறையைக் காட்டி அச்சுறுத்தி வேலை வாங்குவதும் இதனால் சட்டபூர்வமாயின. பண்ணையாள் முறையின் கொடுமையை நம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டறிந்த நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் இத்தகைய தண்டனை 1875-லேயே நீக்கப்பட்டது. இந்தியாவில் இச்சட்டம் நீக்கப்பட மேலும் ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. 1925-இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தினால் 1926 ஏப்ரல் முதல் அது மறைந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதே நோக்கத்தோடு அமைந்திருந்த 490, 492 ஆகிய பிரிவுகளும் அப்பொழுதே நீக்கப்பட்டன.

துப்புரவுப் பணியாளரின் நிலை இதனினும் கொடிது. 1890-ஆம் ஆண்டின் பம்பாய் நகராட்சி ஊழியர் சட்டம், உரிய அறிவிப்பின்றி வேலையை விட்டு விலகும் துப்புரவுத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. பிறப்பினால் ஒருவர்மீது ஒரு தொழிலைச் சுமத்திவிட்டு, அத்தொழிலை விட்டு விலகுவதையும் குற்றமாக்கிய விந்தை இது. இத்தகைய சட்டங்களை அண்ணல் தம் எழுத்துகளில் பின்னாளில் சுட்டிக்காட்டிக் கண்டித்துள்ளார்.

தொழிற்சங்கத்தின் நிலையும் பாதுகாப்பற்றதாகவே இருந்தது. 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியாமீது, பின்னி நிறுவனத்தார் 1920-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து தடையாணை பெற்றனர். தொழிலாளரை வேலைக்குச் செல்ல வேண்டாம் எனத் தூண்டினார் என்பதே குற்றச்சாட்டு. சங்கத் தலைவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது இதனால் நாடு முழுவதும் புலனாயிற்று. என். எம். ஜோஷி முதலியோர் மத்திய சட்டசபையில் முயன்றதன் பயனாக 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பதிவு பெற்ற சங்கத்தார் தொழில் தகராற்றில் ஒன்றுகூடிச் செயற்படுவதைக் குற்றச் சதி எனக் கொள்வதற்கும், அதற்காக நட்டஈட்டு வழக்குத் தொடுப்பதற்கும் இச்சட்டம் தடை விதித்தது.

ஆலைக்குள் தீண்டாமை

இங்கே நம் சமுதாயத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைக் கூற வேண்டும். 1921-இல் சென்னை பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். அதனால் புளியந்தோப்பில் மூண்ட கலவரத்தில் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் மாண்டன. வேலைநிறுத்தத்தை முறித்தவர் என்று நம்மவர்மீது பழி சுமத்தியவர் பலர். ஆலைக்குள்ளும் வெளியிலும் நம்மவரைத் தம்மோடு சமமாக நடத்தினோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டவர் சிலரே.

இதே இடர்ப்பாட்டைப் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் நேருக்கு நேர் சந்தித்தார். அந்நகர ஆலைகளின் நெசவுப் பகுதியில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு இடமில்லை. தறி நாடாவில் புது நூற்கண்டை மாற்றும்போது, நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுப்பது அக்கால வழக்கம். தாழ்த்தப்பட்டவர் வாய்பட்ட நாடாவைத் தாம் தொடுவதா எனச் சாதி இந்துத் தொழிலாளர் மறுத்தனர். கூலி மிகுந்த நெசவுப் பகுதி அவர்களுடையதாயிற்று. கூலி குறைந்த பிற பகுதிகள் நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டன.

1928 ஏப்ரலில் பம்பாயில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது ஆறு மாதம் நீடித்தது. அப்போது அண்ணல் சங்கத் தலைவர்களிடம் ஒரு கேள்வியை எழுப்பினார். ஆலையின் எல்லாப் பகுதிகளிலும் வேலை செய்யும் உரிமை தாழ்த்தப்பட்டவர்க்கு உண்டு என்பதை உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பீர்களா என்பதே அது. சேர்க்காவிடில் எம்மவரை வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்பேன் என்றும் அறிவித்தார். தலைவர்கள் தயக்கத்துடன் அக்கோரிக்கையைச் சேர்த்தனர். ஆலை முதலாளிகளோ, இந்த அநீதி எம்மால் நேர்ந்ததன்று என்று கூறிவிட்டனர். அக்கூற்றில் இருந்த உண்மை சங்கத் தலைவர்களுக்கு நாணம் தரத்தக்கதாய் இருந்தது.

1929-இல் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தபோது அண்ணல் அதனை எதிர்த்தார். முந்திய ஆண்டின் நீண்ட போராட்டத்தால் கடன்பட்டு நொந்திருந்த நம் தொழிலாளர் வேலைக்குத் திரும்புவதே நலம் என்றார். இதனைக் கொண்டு அவர் வேலைநிறுத்தத்துக்கே பகைவர் என்று அந்நாளில் சிலர் தூற்றினர். அது தவறு என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின. குறிப்பிட்ட ஒரு வேலைநிறுத்தம் தக்கதா என்பது ஒரு கேள்வி. வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு உண்டா என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு அவர் காலமும் இடமும் நோக்கி விடை கூறினார். இரண்டாவது கேள்வியில் அவர் உறுதியாக நின்றார்.

சுதந்திரத் தொழிலாளர் கட்சி

1936 ஆகஸ்டில் அண்ணல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோரோடு பிற உழைப்பாளரையும் குத்தகை உழவரையும் ஒன்றுசேர்ப்பதே அதன் நோக்கம். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் பம்பாய் மாகாணத்தில் அக்கட்சி போட்டியிட்ட இடங்களுள் பெரும்பாலானவற்றில் வென்றது. அதே ஆண்டில் கொங்கணத்தின் கோத்தி நில முறையை ஒழிக்க அவர் மசோதா கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலமாக வந்தனர். பிப்ரவரியில் மன்மாட் நகரில் கூடிய தாழ்த்தப்பட்ட இரயில்வே தொழிலாளர் மாநாட்டில், உழைப்பாளிக்குப் பகைகள் இரண்டு உள என்றும், அவை பார்ப்பனியமும் முதலாளித்துவமும் என்றும் விளக்கினார். பார்ப்பனியம் என்பதனால் தாம் கருதுவது ஒரு சாதியாரை மட்டும் அன்று, சமத்துவத்தை மறுக்கும் மனப்பான்மையையே என்றும் தெளிவுபடுத்தினார்.

1938-ஆம் ஆண்டு மசோதா

1938 செப்டம்பரில் பம்பாய் மாகாணத்தின் காங்கிரஸ் அமைச்சரவை தொழில் தகராறு மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. தகராறு எழுந்தால் முதலில் சமரச முயற்சி நடைபெற வேண்டும் என்றும், அது முடியும் வரையில் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம் என்றும், மீறுவோர் தண்டிக்கப்படுவர் என்றும் அது கூறியது. சமரசத்தைக் கட்டாயமாக்குவது தொழில் அமைதிக்கு நல்லதுதானே என்று பலரும் எண்ணினர். முதலாளியின் ஏற்பைப் பெற்ற சங்கங்களுக்கு மசோதா காட்டிய சலுகையும் பலர் கண்ணில் படவில்லை.

செப்டம்பர் 15-ஆம் நாள் அண்ணல் சட்டமன்றத்தில் எழுந்து நெடிய உரையாற்றினார். அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்.

வேலைநிறுத்தம் என்பது யாது? பணி ஒப்பந்தத்தை ஒருவர் முறிப்பதே ஆகும். அது உரிமையியல் தவறு, குற்றவியல் குற்றம் அன்று. தவறு செய்தவர் அதற்குரிய இழப்பை ஏற்கட்டும். கூலியை இழக்கட்டும். முதலாளி விரும்பினால் நட்டஈடு கோரி வழக்காடட்டும். ஆனால் ஒருவர் வேலை செய்ய விரும்பாத நிலையில், சிறையைக் காட்டி அவரை வேலை செய்விப்பது என்றால் அதற்கு என்ன பெயர்? ஒருவர் விருப்பத்துக்கு மாறாக அவரைச் சட்டத்தின் வலிமையால் உழைக்கச் செய்வது அடிமைத்தனமே. ஆகவே வேலைநிறுத்த உரிமை என்பது, தன் உழைப்பைத் தான் விரும்பிய நிபந்தனையின் பேரில் தருவதற்கான சுதந்திரத்தின் மறுபெயரே. நாட்டு விடுதலையை ஒரு புனித உரிமை எனப் போற்றுவோர், தொழிலாளியின் இந்த விடுதலையைப் பறிக்கலாகாது.

இவ்வாதத்தின் நுட்பத்தை நம் இளைஞர்கள் ஊன்றி உணர வேண்டும். வேலைநிறுத்தம் செய்பவருக்கு எந்த இழப்பும் நேரக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. சமரசமே கூடாது என்றும் சொல்லவில்லை. உரிமையியல் வழக்குக்கும் சிறைத் தண்டனைக்கும் இடையே உள்ள கோட்டை மட்டுமே அவர் காட்டினார். 1859-ஆம் ஆண்டின் சட்டம் அக்கோட்டை அழித்திருந்தது. 1925-இல் அது மீண்டும் வரையப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குள், அதுவும் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அமைச்சரவையே, அதனை மறுபடியும் அழிக்க முற்பட்டதே அவருடைய மனவருத்தத்துக்குக் காரணமாகும். தலைமுறை தலைமுறையாகக் கட்டாய உழைப்பில் உழன்ற மக்களின் மகன் அவர். அந்தக் கோட்டின் அருமையை அவர் அறிந்திருந்ததில் வியப்பில்லை.

நவம்பர் 7

மசோதாவைத் தடுக்கச் சட்டமன்றத்தில் போதிய வாக்கு இல்லை. ஆகவே அண்ணல் தொழிலாளரிடமே சென்றார். சுதந்திரத் தொழிலாளர் கட்சியும், பொதுவுடைமையாளர் முதலியோர் நடத்திய தொழிற்சங்கங்களும் இணைந்து, 1938 நவம்பர் 7-ஆம் நாள் ஒருநாள் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தன. பத்தாண்டுகளுக்கு முன் ஆலைத் தீண்டாமை பற்றித் தாம் எவரிடம் வாதிட்டாரோ, அந்த எஸ். ஏ. டாங்கே முதலியோருடன் அவர் ஒரே மேடையில் நின்றார். ஜம்னாதாஸ் மேத்தா, இந்துலால் யாக்னிக், பருலேகர் ஆகியோரும் உடனிருந்தனர்.

அன்று பல ஆலைகள் ஓடவில்லை. சில ஓடின. சமதா சைனிக் தளத் தொண்டர்கள் தொழிலாளர் பகுதிகளில் ஒழுங்கு காத்தனர். சில இடங்களில் கல்வீச்சும் காவலரின் துப்பாக்கிச் சூடும் நேர்ந்து தொழிலாளர் பலர் காயமுற்றனர். மாலையில் காம்கார் மைதானத்தில் மாபெரும் கூட்டம் நடந்தது. சட்டமன்றத்துக்கும் பிற அவைகளுக்கும் தொழிலாளர் தம் பிரதிநிதிகளை அனுப்பி ஆட்சி அதிகாரத்தில் பங்கு பெற வேண்டும் என்று அண்ணல் அங்கே வலியுறுத்தினார்.

மசோதா நிறைவேறிச் சட்டமாயிற்று. அவ்வகையில் அந்தப் போராட்டம் வெற்றி பெறவில்லை. ஆயினும் சாதி இந்துத் தொழிலாளரும் தாழ்த்தப்பட்ட தொழிலாளரும் தாழ்த்தப்பட்ட சமுதாயத் தலைவர் ஒருவரின் அழைப்பை ஏற்று ஒன்றாக வேலையை நிறுத்திய அந்நாள், இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் நினைவுகூரத்தக்கதாகும்.

தொழிலாளர் துறைப் பொறுப்பு

1942 ஜூலையில் அண்ணல், வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். இன்றைய வழக்கில் கூறினால் மத்தியத் தொழிலாளர் அமைச்சர் எனலாம். 1946 வரை அப்பதவியில் இருந்தார்.

அது போர்க்காலம். இந்தியப் பாதுகாப்பு விதிகளுள் 81-ஏ என்னும் விதி, அவர் பதவி ஏற்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் 1942 ஜனவரியில் சேர்க்கப்பட்டிருந்தது. அதன்படி 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்யலாகாது. தகராறு விசாரணைக்கு அனுப்பப்பட்டபின் வேலைநிறுத்தமே கூடாது. மீறினால் தண்டனை உண்டு. 1938-இல் எதைக் கண்டித்தாரோ, அதனையொத்த விதி நடைமுறையில் இருந்த அரசாங்கத்தில் அவர் தொழிலாளர் துறையை நடத்தினார். இதனை மறைத்துப் பேசுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பாசிசம் வென்றால் உழைப்பவனுக்கு எந்த உரிமையும் எஞ்சாது என்பது அப்போரைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து. எனினும் அமைதிக் காலத்துக்கு வந்தபின்னும் அவ்விதியின் சாயல் நம் சட்டங்களில் நிலைத்துவிட்டது என்பதும் உண்மையே.

அந்நெருக்கடியிலும் அவர் செய்த ஆக்கப் பணிகள் பல. அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பாரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் மாநாட்டு முறை 1942 ஆகஸ்டில் அவர் தலைமையில் உருப்பெற்றது. வேலைநிறுத்தத்துக்கு இடமின்றித் தகராறு தீர வேண்டுமாயின், தொழிலாளியின் சங்கத்தை முதலாளி மதித்துப் பேச வேண்டும் அல்லவா? அதற்காகச் சங்கங்களுக்குக் கட்டாய அங்கீகாரம் வழங்கும் மசோதாவை 1943 நவம்பரில் கொண்டுவந்தார். அது அப்போது சட்டமாகவில்லை. 1947-இல் அதே நோக்கத்துடன் நிறைவேறிய திருத்தச் சட்டமும் கடைசி வரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கித் தொழிலாளரின் நிலையை நேரில் கண்டார். 1944-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி ஏற்பட்டது. 1946-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, நிரந்தரத் தொழிற்சாலைகளில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. குறைந்தபட்சக் கூலி மசோதாவையும் அதே ஆண்டில் அவர் முன்வைத்தார். அது 1948-இல் சட்டமாயிற்று.

1943 செப்டம்பரில் டில்லியில் தொழிற்சங்க ஊழியர் பயிற்சி முகாமில் அவர் ஆற்றிய உரையும் நம் பொருளோடு தொடர்புடையது. ஒப்பந்தச் சுதந்திரம் என்ற அழகிய பெயரில் வலியவன் எளியவனைச் சுரண்டுவதைப் பாராளுமன்ற ஜனநாயகம் கண்டும் காணாமல் இருந்துவிட்டது என்று அங்கே விளக்கினார். பசித்தவனும் பணமுள்ளவனும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இருவருக்கும் ஒத்த சுதந்திரம் இல்லை. கூடி நின்று வேலையை நிறுத்தும் ஆற்றல் ஒன்றே எளியவனை ஓரளவு நிமிர்த்துகிறது.

அரசியலமைப்பும் அதன் பின்னரும்

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்கு அண்ணலே தலைவர். அதன் 19-ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை வழங்குகிறது. 23-ஆம் பிரிவு வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. ஆயினும் வேலைநிறுத்த உரிமை என்ற சொற்றொடர் அதில் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமையோடு வேலைநிறுத்த உரிமையும் அடிப்படை உரிமையாகச் சேர்ந்தே வருகிறதா என்ற கேள்வி, வங்கி ஊழியர் வழக்கொன்றில் எழுந்தது. வரவில்லை என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆகவே நம் நாட்டில் வேலைநிறுத்த உரிமை, நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின் வரம்புக்குள் அடங்கிய உரிமையாகவே உள்ளது.

அச்சட்டம் நெடுங்காலம் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமாக இருந்தது. பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டுமே 14 நாள் முன்னறிவிப்பை அது கட்டாயமாக்கியிருந்தது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதனை நீக்கிவிட்டு, எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்பைப் பொதுவாக்கியது. சமரசப் பேச்சு நடைபெறும் காலத்திலும் அது முடிந்து 7 நாள் வரையிலும், தீர்ப்பாயத்தில் வழக்கு நடைபெறும் காலத்திலும் அது முடிந்து 60 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். தொழிலாளருள் பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும். சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் ஈடுபடும் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டவிரோதக் கதவடைப்புச் செய்யும் முதலாளிக்கும் 50,000 முதல் 1,00,000 ரூபாய் வரை அபராதமும் அவ்வாறே சிறையும் உண்டு. அண்ணல் 1938-இல் காட்டிய அந்தக் கோடு இன்றும் மங்கியே கிடக்கிறது.

என்னைப் போன்ற அரசு ஊழியர்க்கு நிலை வேறு. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியரும் ஆசிரியரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பின்னர்ப் பெரும்பாலோர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவ்வழக்கில், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய எவ்வித உரிமையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

மறுபுறம், அண்ணலின் சிந்தனை 23-ஆம் பிரிவின் வழியாகப் பயன் தந்ததும் உண்டு. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1982-இல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வறுமையும் ஒரு வகைக் கட்டாயமே என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

நம் இளைஞர்களுக்கு

அண்ணல் 1956 டிசம்பர் 6-ஆம் நாள் டில்லியில் காலமானார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் அவர் உடல் எரியூட்டப்பட்டபோது கூடிய இலட்சோப லட்சம் மக்களுள் ஆலைத் தொழிலாளரும் துப்புரவுத் தொழிலாளரும் பெருந்திரளாக இருந்தனர்.

அவர் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடத்தை ஒரு பள்ளி ஆசிரியனுக்குரிய முறையில் மூன்று கேள்விகளாகத் தர விரும்புகிறேன். வேலைநிறுத்தம் என்ற பேச்சு எழும்போது முதலாவதாக, இது சட்டத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டதா, சமரசப் பேச்சோ வழக்கோ நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள். இரண்டாவதாக, இது நியாயமானதா என்று கேளுங்கள். சட்டத்துக்கு உட்பட்டும் நியாயமாகவும் இருந்தாலன்றி, அந்நாட்களுக்கான கூலியைக் கோர முடியாது என்பது நீதிமன்றங்களின் முடிவு. மூன்றாவதாக, இதில் நமக்குச் சமமான இடம் உண்டா என்று கேளுங்கள். நம் கைகளை வேண்டுவோர் நம்மோடு உண்ணவும் நம்மைப் பொறுப்பில் அமர்த்தவும் தயங்குவாராயின், அதனை 1928-இல் அண்ணல் கேட்டதுபோல் முகத்துக்கு நேரே கேளுங்கள். கேட்டபின் ஒதுங்கி நின்றுவிடாதீர்கள். 1938-இல் அவர் மேடையேறியதையும் நினைவில் வையுங்கள்.

இக்கேள்விகளைக் கேட்பதற்குச் சட்டம் படித்தவர் நம்மிடையே வேண்டும். தொழிலாளர் நீதிமன்றத்தில் நம்மவர் வழக்கை நம்மவரே எடுத்துரைக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வந்துள்ளது. அவர்களுள் ஆசிரியரும் அலுவலரும் தோன்றியுள்ளமை மகிழ்ச்சிக்குரியது. இனிவரும் ஆண்டுகளில் அவர்களுள் சிலரேனும் சட்டக் கல்லூரிக்குச் சென்று, தொழிலாளர் சட்டத்தைத் தனிப் பாடமாக எடுத்துக் கற்பார்களாக. பரேல் குடியிருப்பின் சிற்றறையில் சட்டநூல்களைப் புரட்டிய அப்பெருமகனுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான நன்றி அதுவே ஆகும்.